சத்தம் போடாத வைத்தியம்

சலவை நிலையத்தில் அவளுக்கு விசில் என்று பேர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. குக்கர்கூட நாலு விசிலில் அடங்கிவிடும். அவள் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் கதவைப் பூட்டும்வரை ஓயமாட்டாள். அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஆள் உயர இயந்திரங்கள் விடுதி விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் போட்டு உருட்டுகிற உருட்டில், பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தத் தொண்டையை வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர முடியுமா? அது அவளோடு வீட்டுக்கும் வந்தது. கணவனோ நூலகத்தில் வேலை பார்ப்பவன், வாயைத் திறக்காமலே சம்பளம் வாங்குகிற மனுஷன். அவன் பேசாததையும் சேர்த்து அவளே பேசினாள்.

பூனைக்குப் பேர் எருமை. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பேர் இல்லை. அழுக்குத் துணிக் கூடைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். வளர்ந்ததும் அது சமையலறை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது. "எந்திரிடா எருமை" என்று தினமும் சொல்லிச் சொல்லி அதுவே பேராக நின்றுவிட்டது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "எங்கடா போய்த் தொலைஞ்ச எருமை? வந்து கொட்டிக்க!" அது எந்த மூலையில் இருந்தாலும் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிவரும். அவள் திட்டத் திட்ட அவள் காலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே தின்னும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்த கொஞ்சல்.

அந்த எருமைக்குத்தான் வயிற்றில் கட்டி.

"குடல்ல புற்றுநோய்மா. வயசும் ஆயிடுச்சு, அறுத்து எடுக்கறதுக்கு இல்ல" என்றார் கால்நடை மருத்துவர். "மாத்திரை தர்றேன். வலி இல்லாம, பசிச்சு சாப்பிடற மாதிரி கொஞ்ச நாள் வச்சுக்கலாம்."

"கொஞ்ச நாளா? இதைச் சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?"

மருத்துவர் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர். மாத்திரையை நீட்டினார்.

விஷயம் காதில் விழுந்த மறுநாளே நாத்தனார் வந்து நின்றாள். வீட்டில் யாராவது தும்மினால் போதும், ஒரு வைத்தியரைக் கையோடு கூட்டி வருகிற பிறவி அவள். இந்த முறை கூட்டி வந்தது ஒரு முழுமை வைத்தியம்மாவை. உடம்பு, மனசு, வீடு எல்லாவற்றையும் சேர்த்துக் குணப்படுத்துகிறவராம். இஸ்திரி கலையாத வெள்ளை உடை, சொல்லுக்குச் சொல் புன்னகை. எருமையைத் தொடாமல் அதன் முதுகுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடினார். திறந்தபோது பூனையைப் பார்க்கவில்லை, விசிலைப் பார்த்தார்.

"இந்த வீட்ல கோபம் ரொம்ப இருக்கும்மா."

நாத்தனார் சட்டென்று கூரையில் எதையோ தேடினாள்.

"மனுஷங்க விடற கோபத்தை வீட்டுப் பிராணி உறிஞ்சிக்கும். உறிஞ்சி உறிஞ்சித்தான் அது கட்டியா நின்னிருக்கு. கவலைப்படாதீங்க, கரைச்சிடலாம்."

வைத்தியம் இதுதான். ஒரு பச்சை நிறப் பொடியைச் சாப்பாட்டில் கலக்க வேண்டும். வெந்நீரில் பிழிந்த துண்டை வயிற்றில் ஒத்தடம் வைக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரை இதோடு சண்டை போடும், அதனால் அதை நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் குரல் உயரக் கூடாது. கோபம் உடுத்திய துணியிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருமாம், அதனால் வேலை இடத்திலும் கூடாது.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் விசில் வாசல்வரை விரட்டியிருப்பாள். ஆனால் கோபம்தான் கட்டியாக நின்றது என்ற அந்தச் சொல் அவளை விடவில்லை. மறுநாள் இயந்திரத்தின் முன்னால் நின்றபடி, இந்தப் பூனையைத் தான் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். சனியனே என்றிருக்கிறாள். செத்துத் தொலை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். பாலைக் கவிழ்த்த அன்று சொன்னது அது.

வாயைக் கட்டினாள். சாதாரணக் கட்டு இல்லை. வேலையில் ஒருத்தி வெள்ளை விரிப்புகளோடு சிவப்புச் சட்டையைப் போட்டு, மூட்டை முழுவதையும் ரோஜா நிறமாக்கி எடுத்தாள். விசில் அவளைப் பார்த்து, "பரவாயில்லம்மா, மறுபடியும் துவைச்சிக்கலாம்" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய், தன்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் கணவன் முதல் இரண்டு நாள் வைத்தியம்மாவை மனசுக்குள் கும்பிட்டான். மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே எழுந்து கழுவி வைத்தான்.

எருமைக்கு ஒத்தடம் பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சூடான துண்டை வைத்தால் கண்ணைச் சொருகிக்கொண்டு படுத்திருக்கும். ஆனால் பொடி கலந்த கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "கண்ணு, வாம்மா, சாப்பிடலாம்" என்று மெல்லிய குரலில் கூப்பிடுவாள். எருமை கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதுபோல மறுபடி உள்ளே போய்விடும். போகப் போக எட்டிப் பார்ப்பதும் நின்றது. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. ராஜா என்றாள், தங்கம் என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அது கேட்டே இராத சொற்கள். அது இருட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"கழிவு வெளியேறுது அண்ணி. அப்படித்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார் போனில். விசில் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். வைத்தியம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்ததைப் பார்த்த பிறகும் அந்தப் புன்னகை இம்மியும் குறையவில்லை.

"நீங்க கோபத்தை அடக்கி வச்சிருக்கீங்க. அடக்கினாப் போதாதும்மா. உள்ளுக்குள்ளயே இருக்கக் கூடாது. பூனைக்குத் தெரியும்."

"அண்ணி முயற்சிதான் பண்றாங்க, ஆனா அவங்க சுபாவம்…" என்று இழுத்தாள் நாத்தனார்.

அவ்வளவுதான். பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன தெரியும்? என்ன தெரியும் அதுக்கு? வாயை மூடச் சொன்னீங்க, மூடினேன். இப்ப மனசையும் மூடணுமா? சாப்பிடாம சாகுது, கழிவு வெளியேறுதாம்! நான் கத்தினதாலதான் கட்டி வந்துச்சுன்னா அந்த சலவைக் கடையில இருக்கற அத்தனை பேரும் இந்நேரம் பாடையில போயிருக்கணும்! தோ, இவரு இருபது வருஷமா என் பேச்சைக் கேட்கறாரு, இவருக்கு எங்கங்க கட்டி?"

கணவன் தன்னையறியாமல் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"வலிக்குதா இல்லையான்னு தொட்டுப் பார்க்காம அந்தரத்துல கையை நீட்டினீங்களே, அதுக்குப் பேரு வைத்தியமா? அதுக்கு இருந்த ஒரு மாத்திரையையும் நிறுத்த வச்சீங்க. நிறுத்தின மூதேவி நான்தான்! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது கட்டிலுக்கு அடியில் சரசரவென்று ஏதோ அசைந்தது. எருமை வெளியே வந்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. ஆனால் வால் நிமிர்ந்திருந்தது. நேராக அவளிடம் வந்து, காலில் முகத்தைத் தேய்த்து, கரகரத்த குரலில் ஒரு சத்தம் போட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல இருந்தது அது.

"பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது" என்றார் வைத்தியம்மா.

அவர் எப்படிப் படியிறங்கினார் என்பதை அந்தத் தெருவில் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

விசில் பொடி கலக்காத மீனைக் கிண்ணத்தில் உதிர்த்துப் போட்டாள். "தின்னுடா எருமை! தின்னுத் தொலை! என்னை உயிரோட கொல்றதுக்குன்னே வந்து பொறந்தியா?" எருமை தின்றது. நிறையத் தின்ன முடியவில்லை, ஆனால் தின்றது. அவள் கண்ணீர் வழிய வழியத் திட்டினாள்.

மறுநாள் எருமையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனதும் அவள் உட்காரக்கூட இல்லை. "என் கோபத்தாலதான் வந்துச்சா? மூடி மறைக்காம சொல்லுங்க!"

"கோபத்தால வரும்னா இந்த ஊர்ல ஒரு பூனை மிஞ்சாதும்மா" என்றார் மருத்துவர். "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? நிறுத்தாம இருந்திருந்தா இவ்வளவு இளைச்சிருக்காது." அவள் எருமையின் முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, இன்னைக்கே ஆரம்பிங்க. ஒத்தடம் பிடிச்சிருந்தா அதை வைங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல."

அப்புறம் சில வாரங்கள் எருமை எருமையாகவே இருந்தது. காலையில் மாத்திரை, சாயங்காலம் சூடான துண்டு, நடுநடுவே வசவு. சமையலறை வாசலில் பழையபடி குறுக்கே படுத்தது. அவள் தாண்டித் தாண்டிப் போனாள், ஒவ்வொரு தடவையும் திட்டினாள். நாத்தனாரிடம் மட்டும் பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. தன் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரியது. அதை யார் மேல் காட்டுவது?

ஒருநாள் அது தண்ணீரையும் மறுத்தது. வலியில் முனகியது. கணவன்தான் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். மருத்துவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஊசி போட்டு அனுப்பிவிடலாம், கஷ்டம் தெரியாமல் போய்ச் சேரும் என்றார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளப் பெண் அவள் தோளைத் தொட்டு, "அமைதியா தடவிக்கொடுங்கம்மா. சத்தம் கேட்டா பயப்படும்" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றாள் விசில். பூனையின் பக்கம் குனிந்தாள். "டேய் எருமை. எங்கடா கெளம்பிட்ட? வாசல்ல குறுக்க இனி எவன்டா படுப்பான்? சோறு போட்டவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சா உனக்கு? நன்றி கெட்ட நாயே…"

எருமை கண்ணைத் திறக்கவில்லை. காது மட்டும் மெதுவாக அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. ஊசி இறங்கியது. அவள் நிறுத்தவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

மருத்துவர் அதன் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார். "போயிடுச்சும்மா."

"தெரியுது. தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். "நான் இன்னும் திட்டி முடிக்கல."