அமரக்காரரின் தோளும் என் வைட்டமினும்

பயிற்சி ஓட்டத்தில் எங்கள் கரையின் பந்தயப் படகான சுண்டன் வள்ளம் திரும்பாமல் நேரே போய் வாத்துப்பட்டியில் முட்டியதற்குக் காரணம் நான்தான். இத்தனைக்கும் நான் வள்ளத்தில் இல்லை. கரையில் நின்று கப்பக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

பின்முனையான அமரத்தில் நின்று பெரிய துடுப்பால் வள்ளத்தைத் திருப்ப வேண்டியவர் அக்கா ரோசிலியின் கணவர் அவுதக்குட்டி. அவருக்குத் தோள் எழவில்லை. ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர். குவைத்திலிருந்து வந்த நான், கொழுப்பை அடியோடு கரைக்கும் என்று நியாசின் என்ற வைட்டமினை ஒரு பெரிய புட்டி நிறையக் கொடுத்திருந்தேன். வளைகுடாக்காரன் தந்ததை எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் பந்தியில் பாதியில் எழுந்த மாதிரி. விழுங்கியதும் அவர் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. “மருந்து வேலை செய்யுது அளியா!” என்று மச்சானுக்குச் சான்றிதழும் நானே கொடுத்தேன்.

வாத்துகளை ஒதுக்கி வள்ளத்தை மீட்டதும் அக்காவைக் கேட்டேன். “என் மாத்திரையாலயா?”

“சே, கண்ணு பட்டிருக்கும்டா.”

வள்ளத்தின் தலைவர் பாப்பச்சன், “கிழக்குக் காத்து, வர்க்கிச்சா” என்று என்னைத் தேற்றினார். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவுதக்குட்டி என் முகத்தையே பார்க்கவில்லை. “வயசாயிடுச்சுடா அளியா. இனி அமரத்துக்கு வேற ஆளைப் பாக்கட்டும்.”

அதுதான் தைத்தது. அமரம் இல்லாமல் அந்த மனுஷன் என்ன செய்வார்? கையோடு அவரையும் புட்டியையும் ஸ்கூட்டரில் ஏற்றி டாக்டர் அன்னம்மாவிடம் கொண்டுபோய், தோள் எழாததையும் வயசுப் பேச்சையும் சொன்னேன்.

டாக்டர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “இதை யார் தந்தது?”

“யாரோ தந்தாங்க” என்று அளியன் சுவரிடம் சொன்னார்.

“நான்தான் டாக்டர். முகதாட்சண்யம் பாக்காதீங்க. என்னாலயா?”

“ஆமா, உங்க புட்டியாலதான். கொலஸ்ட்ரால் மாத்திரை சில பேருக்குத் தசைவலி தரும். இவ்வளவு நியாசினும் கூடச் சேர்ந்தா அந்த ஆபத்து அதிகமாகும். இந்த அளவுல இது சத்து மாத்திரை இல்ல, மருந்து. இன்னையோட நிறுத்துங்க. மத்த மாத்திரையை என்ன செய்யறதுன்னு ரத்தம் பாத்துட்டு நான் சொல்றேன். வயசு மேல பழி போட வேண்டாம். இந்த வருஷம் அமரத்துல நிக்கக் கூடாது. தசை தேறினா அடுத்த வருஷம் தாராளமா நிக்கலாம்.”