அர்செல்லாவுக்குத் தூக்காத கை

டெட்ராய்ட்டில் க்ரென்ஷா இசைத்தட்டுக் கம்பெனி இருந்த வீட்டில் அதற்கு முன்னால் சவ அடக்கம் செய்து தருகிறவர்கள் இருந்தார்கள். பெட்டியை வைத்து ஜெபம் பண்ணிய கூடத்தில்தான் இப்போது பாட்டுப் பதிவு. சுவரில் தொங்கிய தடித்த திரைகளை யாரும் கழற்றவில்லை. எதிரொலி அடங்கி வேலைக்கு வசதியாக இருந்தது. "இங்க படுத்தவன் ஒருத்தனும் எழுந்து ஆடலப்பா, ஊரையாவது ஆட வைப்போம்" என்பான் டிரம்ஸ் வாசிக்கும் ஹோரேஸ்.

க்ளியோட்டிஸ் பெட்வே அங்கே பேஸ் கிதார் வாசித்தான். நல்ல வாசிப்பு, அதைவிட நல்ல பெயர். பெட்வே பொய் சொல்ல மாட்டான், பெட்வே ஆள் பார்த்துப் பேச மாட்டான் என்று கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெயரை அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போலக் கசங்காமல் வைத்திருந்தான். மனிதனுக்கு எந்த நல்ல குணம் எப்போது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்?

அறுபத்தைந்தாம் வருடம், வசந்தத்தில், 'கடைசி பஸ் போகட்டும்' என்ற பாட்டு அந்தக் கூடத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் இரு, பஸ் போனால் போகட்டும் என்று ஒரு பெண் கெஞ்சுகிற பாட்டு. கம்பெனியின் நட்சத்திரமான டெல்ஃபீன் ரஸ்க் பாட வேண்டியது. ஆனால் வாத்தியக்காரர்கள் வாசிக்கும்போது வார்த்தை எங்கே விழுகிறது என்று தெரிய யாராவது கூடவே பாட வேண்டும். பிறகு அந்தக் குரலை ஒலிநாடாவிலிருந்து அழித்துவிட்டு நட்சத்திரத்தின் குரலை ஏற்றுவார்கள். அழிக்கப்படுவதற்காகவே பாடுகிற அந்த வேலைக்கு எப்போதும் கூப்பிடப்பட்டவள் அர்செல்லா, க்ளியோட்டிஸின் மனைவி.

அன்று அவள் தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ஹோரேஸின் பக்கத்தில் நின்று பாடினாள். கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் போகும் இடத்தில், "போகட்டும்" என்ற ஒரே சொல்லை மேலே, மேலே கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டாள்.

"அடியே அர்செல்லா, இதை எப்படி அழிக்கிறது? கை வரலையே!" என்றான் பதிவாளர் வெண்டெல். அழிப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டான். மறுநாள் டெல்ஃபீன் வந்து அதே வாத்தியத்துக்கு மேல் பாடினாள். அவளும் நன்றாகத்தான் பாடினாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எந்தப் பதிவைத் தட்டாக வெளியிடுவது என்று வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியில் ஓட்டு நடக்கும். முதலாளி க்ரென்ஷாவிலிருந்து தொலைபேசி எடுக்கும் மிஸ் பிங்க்னி வரை ஆளுக்கு ஒரு கை. வாத்தியக்காரர்கள் சார்பில் முறைவைத்து ஒருவர். அந்த வாரம் முறை க்ளியோட்டிஸுடையது. வெண்டெல் இரண்டையும் போட்டுக் காட்டினான். பாடியது யார் என்று சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

"முதல்ல கேட்டதுக்கு யாரு?" என்றார் முதலாளி. முதலில் கேட்டது டெல்ஃபீனுடையது.

எல்லோர் கண்ணும் தன் மேல் இருப்பதாக க்ளியோட்டிஸுக்குத் தோன்றியது. பெண்டாட்டிக்குத் தூக்கினான் என்று நாளைக்கு ஒருவன் சிரிப்பானே. அர்செல்லாவுக்கு எப்படியும் மற்றவர்கள் தூக்குவார்கள், காது உள்ளவன் எவனும் தூக்குவான், தன் கை எதற்கு? பெயரும் கெடாது, பாட்டும் அவளுக்கே. இப்படி ஒரு அழகான கணக்குப் போட்டுக் கையைத் தூக்கினான்.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் டெல்ஃபீன் ஜெயித்தாள்.

"பாருங்கடா! சொந்தப் பெண்டாட்டிக்கே தூக்காத மனுஷன்! இவன்தான்டா ஆளு!" என்று க்ரென்ஷா அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு மதியம் வரை வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது அர்செல்லா சோளமாவு புரட்டிய மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"டெல்ஃபீனுக்குப் போயிடுச்சாமே?"

"ஆமா. ஒரு கையில போச்சு."

"நீ யாருக்குத் தூக்கின?"

"இது என்ன கேள்வி? உனக்குத்தான்."

பெட்வே பொய் சொல்ல மாட்டான் என்று ஊர் சொன்னது. அர்செல்லா இருப்பதிலேயே பெரிய மீன் துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவளுக்குப் பசிக்கவில்லையாம்.

அந்தக் கோடையில் பாட்டு ஊரைத் தூக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டாம் தெருவில் எந்தக் கார் கண்ணாடி இறங்கினாலும் அதுதான். முடிதிருத்தும் கடையில் அது, கல்யாணத்தில் அது, வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கடற்கரையிலும் அது. நாட்டிலேயே முதலிடம். க்ளியோட்டிஸ் ஊர் ஊராகப் போய் டெல்ஃபீனுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தான். கைதட்டு எழும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான். பணிவு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

அர்செல்லா கம்பெனிப் பக்கம் போகவில்லை. முதலாளியே வீட்டுக்கு வந்து அடுத்த பாட்டு அவளுக்குத்தான் என்றார். "வேற ஆளப் பாருங்க மிஸ்டர் க்ரென்ஷா, என் குரல் அவ்வளவு போதாது" என்றாள். ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, அங்கிருந்து கீழே பெஞ்சுக்கு வந்தாள். க்ளியோட்டிஸ் ஏன் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குப் பயம்.

ஆனால் அவள் குரல் முழுதாக அழியவில்லை. ஹோரேஸின் பக்கத்தில் நின்று பாடினாள் அல்லவா? டிரம்ஸ் மைக்கிலும் கொஞ்சம் விழுந்துவிட்டது; அதை அழித்தால் டிரம்ஸும் போய்விடும். இசைத்தட்டில் எல்லா வாத்தியமும் நிற்கும் அந்த இடத்தில், எங்கோ சுவருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மெல்லிசாக ஒரு "போகட்டும்" கேட்கும். அது சவ வீடு என்று தெரிந்த ரசிகர்கள் ஆவி பாடுகிறது என்றார்கள். அந்தக் கதையாலும் தட்டு விற்றது.

கம்பெனி மூடி, ஹோரேஸ் போய்ச் சேர்ந்து, க்ளியோட்டிஸுக்கு முழங்கால் மடங்காத வயதும் வந்த பிறகு, ஒரு காலையில் உள்ளூர் வானொலிக்காரன் அவரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினான்.

"சார், நீங்கதான் சொல்லணும். அந்த ஆவி யாரு?"

"ஆவியும் இல்ல, பூதமும் இல்லப்பா. என் வீட்டுக்காரி. அர்செல்லா பெட்வே. அந்தப் பாட்டை முதல்ல பாடினது அவதான். அவ பாடின மாதிரி அப்புறம் யாரும் பாடல."

கடனைத் தீர்த்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். சமையலறையில் வானொலி அணைந்திருந்தது. அர்செல்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். எதுக்கு இப்படி ஊரறியப் பொய் சொல்ற?"

"பொய்யா?"

"மிஸ் பிங்க்னி அன்னைக்கே போன் பண்ணிட்டா, க்ளியோட்டிஸ். நீ வீடு வர்றதுக்கு முன்னாடியே. நீ டெல்ஃபீனுக்குத் தூக்கினேன்னு."

"தெரிஞ்சேவா கேட்ட?"

"நீ வாயால சொல்லுவேன்னு கேட்டேன். நீ எனக்குத்தான்னு சொன்ன. அப்பதான் புரிஞ்சுது. ஆள் பார்த்து ஓட்டுப் போடாதவன், என் பாட்டு சரியில்லைன்னுதான் தூக்கல. பாவம், மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல. உன் காதைவிட நம்பிக்கையான காது எனக்கு யாரு இருந்தா? அதோட விட்டுட்டேன்."

"ஐயோ, இல்ல அர்செல்லா! உன்னுதுதான் நல்லா இருந்துச்சு. பெண்டாட்டிக்குத் தூக்கினான்னு சிரிப்பானுங்களேன்னு... மத்தவனுங்க தூக்குவானுங்கன்னு நெனச்சேன்..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நிஜமாவா? என்னுதா நல்லா இருந்துச்சு?"

"சத்தியமா."

அர்செல்லா மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். முதுகை நிமிர்த்தி மூச்சை இழுத்து, "போகட்டும்" என்று எடுத்தாள். கீழே குரல் இன்னும் தேனாக இருந்தது. மேலே கொண்டுபோனாள். பாதி வழியில் அது உடைந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் உடைந்தது.

"இப்ப எட்டல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.