நாலு மணி பஸ்ஸுக்கு எந்த நாள்

என் தம்பி தயாபரனுடைய முதலாம் வருஷ ஆட்டைத் திவசத்தன்று ஒரு மலை ஏரிக்குப் போய், அங்கே நின்று சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்று அவனுடைய மகன் பிரதாபன் கனடாவிலிருந்து சொன்னான். போய்ப் பார்க்கட்டும், நான் குறுக்கே நிற்கப்போகிறேனா? ஆனால் அந்த ஏரிக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை, சரவணை என்கிற எங்கள் தீவுக் கிராமத்தில் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருக்கிற என் தலையில் வந்து விழும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த ஏரிக்குச் சனம் அள்ளுப்பட்டுப் போவதால் சொந்தக் கார்களை உள்ளே விடமாட்டார்களாம். விடியப்புறம் நாலு மணிக்குப் புறப்படுகிற பஸ்ஸில் போனால்தான் சூரியன் எழும்புமுன் அங்கே நிற்கலாம். அந்த பஸ்ஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலை எட்டு மணிக்கு, இன்ரநெற்றில் இடம் திறப்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிரதாபனோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எட்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெருவில் நிற்பான்; அந்த நேரம் ஃபோனைத் தொட்டால் வேலை போய்விடும். அங்கே காலை எட்டு என்றால் எங்களுக்கு இரவு ஏழரை. உங்களுக்கு வசதியான நேரம்தானே மாமி என்றான். தாய் நாலு வருஷத்துக்கு முதலே போய்விட்டாள், இப்போது தகப்பனும் இல்லை. அவனுக்கு ஏலாது என்று எந்த வாயால் சொல்வது?

அதோடு, நான் ஏலாது என்று சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா செத்தபோது தயாபரன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை, ஃபோனைப் பிடி அக்கா, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன் என்றான். பெற்ற தாயை ஃபோனில் பார்க்கிறவனோடு எனக்கு என்ன கதை என்று அன்றைக்கு மூடிய வாய்தான், ஒன்பது வருஷம் திறக்கவில்லை. போன வருஷம், அவன் சாவதற்கு முதல்நாள், பின்னேரம் ஆறு மணியிருக்கும், ஃபோன் அடித்தது. வீடியோ கோல். 'தம்பி தயா' என்று பெயர் விழுந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஃபோனைக் கவிழ்த்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போய் வாழைக்குத் தண்ணீர் விட்டேன். அடுத்த நாள் அவனுக்கு நெஞ்சுவலி. தம்பியின் செத்தவீட்டை நானும் ஃபோனில்தான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பிரதாபன் சொன்னான், அன்றைக்குத் தானும் தகப்பனும் அந்த ஏரிக்கரையில் நின்றதாகவும், எனக்கு ஏரியைக் காட்டத்தான் தகப்பன் ஃபோன் எடுத்ததாகவும். நான் கோயிலில் நின்றேன், தெரியவில்லை என்று பொய் சொன்னேன். இப்போது திவசத்தன்று அதே இடத்தில் நின்று பிரதாபன் எனக்கு எடுப்பதாகச் சொல்கிறான். அதுவும் தகப்பனுடைய ஃபோனில். அதைத்தான் அவன் இன்னமும் பாவிக்கிறான். நானும் பெயரை மாற்றவில்லை. இந்த முறை நான் குளித்து, தோய்த்த சேலை கட்டி, தம்பியின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, முதல் மணியிலேயே எடுக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

திதியைக் கோயில் ஐயர் பார்த்துச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை. அதைப் பிரதாபனுக்கு விளங்கப்படுத்தப் போய் நான் பட்டபாடு! திதி என்றால் திகதி இல்லை என்றேன். அப்பா செத்த திகதி பதினேழு அல்லவா, இது வேறு நாளாக வருகிறதே என்றான். வரும்தான், சந்திரனைப் பார்க்க வேண்டும் என்றேன். எந்த நாட்டுச் சந்திரன் என்று கேட்டான். பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளும் கிழமையும் என்னுடைய பாடு, நீ மண்டையைப் போட்டு உடைக்காதே, ரிக்கற்றில் என்ன நாள் இருக்கிறதோ அன்றைக்குப் போ என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

என்னுடைய பாடு என்று சொன்னேனே, அங்கேதான் வந்தது வினை.

என் மனுஷன் வைத்திலிங்கம் கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு விரல் மடித்து எண்ணினார். அங்கே எட்டு, இங்கே ஏழரை, வித்தியாசம் பதினொன்றரை. அந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டு மூன்று தரம் திருப்பி எண்ணினார். பிறகு, ஞாயிறு பஸ் என்றால் இரண்டு நாள் முன்பு வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு இடம் பிடிக்க வேண்டும் என்றார்.

நான் விடவில்லை. நாலு மணி எப்படி ஞாயிறாகும்? சூரியன் எழும்பினால்தானே நாள் பிறக்கும்! எங்கள் மகள் பிரியவதனி விடியப்புறம் மூன்றே முக்காலுக்குப் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் செவ்வாய், சாதகத்தில் திங்கள். கலியாணம் பேசியபோது யாராவது செவ்வாய் என்று சொன்னோமா? திங்கள் என்றுதானே பொருத்தம் பார்த்தோம்? அப்படியென்றால் ஞாயிறு உதயத்தைப் பார்க்கப் போகிற நாலு மணி பஸ், சனிக்கிழமை பஸ். சனிக்கு இரண்டு நாள் முன்பு வியாழன். வியாழன் இரவு ஏழரை.

"இஞ்சரும், வெள்ளைக்காரனுக்கு இரவு பன்ரெண்டுக்கு நாள் மாறும்," என்றார் மனுஷன். "தபால் கந்தோரில முப்பது வருசம் முத்திரை குத்தினனீர், உமக்குத் தெரியாதே?"

"கந்தோர் விடியப்புறம் நாலு மணிக்குத் திறக்கிறேல்லை," என்றேன். "செத்தவன் சைவக்காரன். அவனுக்கு வெள்ளைக்காரன்ர நாளோ பாக்கிறது?"

அவர் கலண்டரை ஆணியில் திரும்பக் கொழுவிவிட்டு, கதிரையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாதத்தில் வென்றுவிட்டேன் என்ற சந்தோசப் புளுகம் எனக்கு.

வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கே கணினிக்கு முன்னால் இருந்துவிட்டேன். மகள் விட்டுப்போன பழைய பெட்டி அது. பிரதாபன் தன்னுடைய கணக்கைத் திறக்கிற சொல்லையெல்லாம் அனுப்பியிருந்தான். ஏழரைக்கு இடம் திறந்தது. திறந்ததும், நீ மனிதனா என்று கேட்டது. ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, இதில் பாலம் உள்ள படங்களை அமத்து என்றது. நான் பார்த்த பாலம் எங்கள் தீவுக்கு வருகிற பண்ணைப் பாலம். அங்கே காட்டியதில் எது பாலம், எது கட்டடம் என்று ஒரு கோதாரியும் விளங்கவில்லை. பிழையாக அமத்தினேன். இப்போது பைசிக்கிளைக் காட்டு என்றது. மேலே ஒரு மணிக்கூடு வேறு பின்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்து, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் பின்னால் வந்து நின்று, அந்த மூலையில் ஒரு சில்லுத் தெரிகிறது என்று மெதுவாகக் காட்டினார். அமத்தினேன். மனிதர்தான் என்று ஒப்புக்கொண்டது. நாள் கேட்டது. சனிக்கிழமை. நேரம் கேட்டது. நாலு மணி. ஒரு ஆள். பச்சை நிறத்தில் சரி விழுந்தது.

நான் அழுதுவிட்டேன். ஒன்பது வருஷத்தில் தம்பிக்கென்று நான் செய்த ஒரே வேலை அதுதான்.

ரிக்கற் தன்னுடைய மெயிலுக்கு வந்துவிட்டது, நன்றி மாமி என்று பிரதாபன் எழுதியிருந்தான். நாளைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணக்கில் அவன் எனக்கு எடுக்கப்போவது எங்கள் ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு. அங்கே அப்போது ஞாயிறு காலை.

சனிக்கிழமை நான் ஆறுதலாகத்தான் இருந்தேன். திவசத்துக்கு வேண்டிய மரக்கறி வாங்கியாகிவிட்டது. தம்பிக்குப் பிடித்த பயத்தம் பணியாரத்துக்கு மா வறுத்துவிட்டேன். அன்றைக்குப் பகல் மீன் சமைத்து முடித்து, வீட்டைக் கழுவிவிட்டு இரவிலிருந்து விரதம் என்று நினைத்திருந்தேன். பின்னேரம் நாலரைக்குக் கரம்பொனிலிருந்து மேரிஜோசப்பின் வந்தாள். என்னோடு கந்தோரில் வேலை செய்தவள், புருஷன் கடலுக்குப் போகிறவர். ஒரு பை நிறைய ஓரா மீன். நாளைக்குத் திவசம் என்று சொல்லியும், தயாபரனுக்கு ஓரா என்றால் உயிர் அல்லவா, இன்றைக்கே ஆக்கிச் சாப்பிடு என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இருட்டுமுன் ஆக்கி, தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் சரி என்று கிணற்றடியில் குந்தினேன். உடம்பில் பழைய சட்டை, தலை கலைந்து கிடக்கிறது, முழங்கை வரைக்கும் செதில்.

உள்ளே ஃபோன் அடித்தது.

மனுஷன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது. 'தம்பி தயா' என்று பெயர். வீடியோ கோல். மணி ஆறு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கு ஏன் எடுக்கிறான்? ஏதும் ஆகிவிட்டதா? இல்லை, எனக்குத்தான் நாள் தவறிவிட்டதா, இன்றைக்குத்தான் ஞாயிறா? ஒரு நொடி எனக்குப் போன வருஷமா இந்த வருஷமா என்றே தெரியவில்லை. கையைப் பார்த்தேன். குளிக்கவில்லை, விளக்கு இல்லை, படம் உள்ளே சுவரில் இருக்கிறது, மீன் இரத்தம் சொட்டுகிறது. இந்தக் கையோடு எப்படி எடுப்பது? கழுவிவிட்டு எடுக்கலாம், வாளியில் தண்ணீர் இல்லை, அள்ள வேண்டும். மூன்றாவது தரம் அடித்தது. நாலாவது. கழுவப் போனால் ஓய்ந்துவிடும் என்று தெரிந்தது. கத்தியைப் போட்டுவிட்டு மனுஷனின் கையிலிருந்து பறித்து, மீன் கையாலேயே பச்சையை இழுத்தேன்.

பிரதாபனுடைய முகம் தெரிந்தது. தொப்பி போட்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டியிருந்தான். பின்னால் கல்லும் கறுத்த தண்ணீரும்.

"மாமி, வந்திட்டன்," என்றான். "அப்பாவும் நானும் நிண்ட அதே கல். சூரியன் இன்னும் வரேல்லை. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன், அப்பாக்கு ஒரு கப். சனியோ ஞாயிறோ எண்டு எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். ரிக்கற்றில சனி எண்டு கிடந்தது. நீங்கள் திதி பாத்துத்தான் போட்டிருப்பீங்கள் எண்டு வந்திட்டன். இண்டைக்குத்தானே மாமி, சரிதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மணிக்கு நாள் பிறப்பதில்லை என்று நின்றேனே, அந்தக் கோதாரி பிடித்த பிடிவாதம்! திவசம் நாளைக்கு. பிள்ளை தனியாக, குளிரில், ஒரு நாள் முந்தி மலையில் நிற்கிறான். நாளைக்குப் போக இனி இடமும் இல்லை. மனுஷன் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிவிட்டார்.

பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் திவசத்துக்கு முதல்நாள், பின்னேரம் ஆறு மணி என்று மனதுக்குள் ஓடியதும், வேறொன்று வந்துவிட்டது.

"சரியான நாள்தான், அப்பன்," என்றேன். "திதி நாளைக்கு. அது நான் விட்ட பிழை. ஆனா கொப்பர் எனக்கு எடுத்தது செத்த அண்டைக்கில்லை, அதுக்கு முதல்நாள். இதே நேரம். நான் கோயில்ல நிக்கேல்லையடா. ஃபோனுக்கு முன்னால நிண்டனான். பேரைப் பாத்திட்டு எடுக்காமல் விட்டனான்."

அவன் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினான். அவன் கோலை வெட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். வெட்டினாலும் நியாயம்தான்.

"அப்பாக்குத் தெரியும் மாமி," என்றான் கடைசியில். "அண்டைக்கு நானும் பக்கத்தில நிண்டனான்தானே. மணி அடிச்சு நிண்டாப் பிறகு ஃபோனைப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டு சொன்னவர், அக்கா கோவத்தில இருக்கிறா, அடுத்த வருசம் எடுப்பா எண்டு."

நான் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் பனைகளுக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. மனுஷன் கீழே விழுந்த கத்தியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"மாமி, இருக்கிறீங்களோ?" என்றான் பிரதாபன். "வருது மாமி. காட்டட்டோ?"

"ஓம், காட்டு," என்றேன்.

அவன் ஃபோனைத் திருப்பினான். எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஃபோன் முழுக்க மீன் செதில் ஒட்டியிருந்தது. சட்டைத் தொங்கலால் அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.