வாவ்ர் ஏரிக்குள் போகும் பாதை

1

இப்போது வருகிறவர்கள் யாரும் வழி கேட்பதில்லை. சைக்கிள் கைப்பிடியில் செல்போனைக் கட்டிக்கொண்டு, அது சொன்னால் இடது, அது சொன்னால் வலது. எதிரே ஒரு மனிதன் நிற்பது அவர்கள் கண்ணில் படாது. என்னைத் தாண்டிப் போய், தப்பான கரையில் இறங்கி, முட்டி வரை சேறு பூசிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் வணக்கம் சொல்கிறார்கள். வணக்கம் முதலில் சொல்ல வேண்டியது.

இந்தக் கதையும் அவர்களால் வந்த வினைதான். மாயெல் என்று ஒரு பெண், லியோன் நகரத்துக்காரி. எங்கள் ஏரிகளுக்கு நடுவே, சரளைப் பாதையில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு வழி குறிக்கிறாள். வாவ்ர் ஏரிக்கரையில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் போட ஒரு கதை வேண்டுமாம்.

"ஐயா, நீங்களும் அந்தெல்ம் ஐயாவும் சின்ன வயசுல இந்த ஏரிக்குள்ளயே சைக்கிள் விட்டீங்களாமே. அதை எழுதிக் குடுங்க. படிக்கிறவங்க அப்படியே உருகிடணும்."

"உருகுறதுக்கு அவங்க என்ன வெண்ணெயா?"

சிரித்துக்கொண்டே தாளை வைத்துவிட்டுப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட மதகில் உட்கார்ந்தது அதிகம். பிழை இருந்தால் அவள் பாடு.

2

முதல் தொடக்கம்: அந்தக் காலத்தில் வாவ்ர் ஏரி ஒரு

வேண்டாம். அந்தக் காலத்தில் என்று ஆரம்பிக்கிறவன் ஏதோ விற்க வந்தவன்.

இரண்டாம் தொடக்கம்: காலைப் பனி தண்ணீரின் மேல் மெல்ல

பனியா? பனி வந்தால் நாரை கெண்டையைத் தூக்கிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியாது. அதைப் போய் யார் புகழ்வது?

நேராகவே சொல்கிறேன். வாவ்ர் ஏரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். தண்ணீர் என்னுடையது. தரை அந்தெல்முடையது. ஏரிகள் நிறைந்த எங்கள் தோம்ப் சீமையில் இப்படியும் உண்டு. சில வருடம் ஏரியில் தண்ணீர் நிற்கும். நான் கெண்டை வளர்ப்பேன். பிறகு மதகைத் திறந்து, மீனைப் பிடித்து, ஒரு வருடம் ஏரியைக் காயப்போடுவோம். அந்த வருடம் அது அந்தெல்முக்கு. உழுது ஓட்ஸ் விதைப்பான். அறுப்பு முடிந்து இலை உதிரும்போது நான் மதகை மூடுவேன். மழை வந்து நிரப்பிவிடும்.

(தண்ணீர் இருக்கும் வருடங்களில் அந்தெல்ம் குனிந்துதான் நடப்பான். காய்ந்த வருடம் வந்தால் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு பண்ணையார் மாதிரி வருவான். "டேய் பிலிபேர், என் நிலத்துல உன் படகு கிடக்குது. எடுடா.")

3

மாயெல் கேட்ட பகுதி இதுதான்.

ஏரியின் அடித்தரையில், கரைக்குக் கரை, ஒரு கூழாங்கல் பாதை ஓடுகிறது. யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வடிந்தால் எழுந்து வரும். அக்கரையில் கோடைதோறும் நடனம் நடக்கும். சுற்றிப் போனால் வியர்த்து நாறும். குறுக்கே போனால் சட்டை கசங்காது. ஆகவே காய்ந்த வருடம் வந்தால் அந்தெல்மும் நானும் குறுக்கேதான்.

இரண்டு பக்கமும் ஓட்ஸ், சைக்கிள் கைப்பிடி உயரத்துக்கு. சக்கரத்தின் கீழ் மட்டி ஓடுகள் நொறுங்கும். பழைய ரொட்டியின் மேல்தோலை உடைப்பது போல என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அந்தச் சத்தம் அந்தச் சத்தம்தான். கரையில் தண்ணீர் விட்டுப்போன கறை எங்கள் தலைக்கு மேலே இருக்கும். போன வருடம் கெண்டை நீந்திய இடத்தில் நாங்கள் பாடிக்கொண்டு போவோம். அந்தெல்ம் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவான். திரும்பி வரும்போது முன்கம்பியில் பெனுவாத் உட்கார்ந்திருப்பாள். முதலில் அவன் கம்பியில். பிறகுதான் என் கம்பியில்.

(இந்த வரியை அடிக்கப் போனேன். பெனுவாத் இப்போது என் மனைவி. தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"எதுக்குய்யா அடிக்கிற? ஊரே படிக்கட்டும். அவன் கம்பி வழுவழுன்னு இருக்கும். உன்னது துரு. என் பாவாடையெல்லாம் கறை."

"அப்புறம் எதுக்கு என்கூட வந்த?"

"உன் சைக்கிள்ல பிரேக் இருந்துச்சு.")

4

இங்கேயே நிறுத்தியிருந்தால் மாயெலுக்குப் போதும். உருகுகிறவர்கள் உருகியிருப்பார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

இந்த வருடம் காய்ந்த வருடம். மாயெல் கோடையில் வந்து கூழாங்கல் பாதையைப் பார்த்தாள். அந்தெல்ம் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, "என் நிலம்தாம்மா, தாராளமா போட்டுக்கோ" என்றான். அவளும் வரைபடத்தில் ஏரிக்குக் குறுக்கே கோடு இழுத்துவிட்டாள். முதல் சவாரி வரும் வசந்தத்தில்.

"வசந்தத்துல அந்தக் கோட்டுல கெண்டைதான் போகும்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. பாவம், கரை வழியாக இன்னொரு கோடும் போட்டு வைத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படியும் பாதை உண்டு.

அறுப்பு முடிந்ததும் அந்தெல்ம் வந்தான். தொப்பி நேராக இருந்தது.

"இந்தத் தடவை மதகை மூடாதடா."

"ஏன்?"

"வயித்துல என்னமோ வளருதாம். கிழிச்சுத் தைக்கப் போறாங்க. அடுத்த காஞ்ச வருஷம் வரைக்கும் நான் இருக்க மாட்டேன். வசந்தத்துல அந்தப் பசங்களோட ஒரே ஒரு தடவை குறுக்க போய்ட்டு வந்துடறேன்."

"இப்பவே போயேன்."

"தைச்சது ஆறுற வரைக்கும் சைக்கிள் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டான்."

மதகை மூடாவிட்டால் மழை ஓடிப்போகும். மீன்குஞ்சு விட ஏரி இருக்காது. என் வயதில் ஒரு வருடத்து மீனைத் தவறவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பது எனக்கே நிச்சயமில்லை. அவனுக்கோ, இரண்டாம் வருடமும் தரை காய்ந்து கிடந்தால் சோளம் போடலாம்.

"முன்னொரு தடவை முதுகு வலின்னியேடா. நான் மதகைத் தள்ளிப்போட்டேன். வந்து பார்த்தா கோதுமை முளைச்சிருந்துச்சு."

"முதுகும் வலிச்சுதுடா" என்றான்.

5

எழுதுகிறவன் தன் கதையில் வரும் ஆளை நம்ப வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த அந்தெல்ம் மேல் நம்பிக்கை வரவில்லை.

அவன் வீட்டில் இல்லாத நேரம் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். பழைய சைக்கிள் உத்தரத்தில் தொங்கியது. அதில் புது டயர். இப்போதுள்ள பிள்ளைகள் போடுவது போல அகலமாக, முடிச்சு முடிச்சாக, ரப்பர் மயிர்கூட உதிராமல். சாகப் போகிறவன் டயர் வாங்குவானா? ஆனால் பொய் சொல்லத்தான் வாங்கினான் என்றால், அறுந்த கயிற்றையே முடிந்து வைக்கிற அந்தெல்ம் ஒரு பொய்க்காகக் காசை விடுவானா?

சைக்கிளுக்குப் பின்னால் விதை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவனுக்கு மேட்டு நிலமும் உண்டு. எதற்கான விதை என்று பிரித்துப் பார்க்கவில்லை.*

* பிரித்திருக்கலாம். கை போனது. பிறகு அந்த டயரை ஒருமுறை சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

"அவன் இளைச்சிருக்கான்யா" என்றாள் பெனுவாத்.

"காஞ்ச வருஷம்னா எப்பவும் இளைப்பான். வேலை செய்யறான்ல."

"அவன் பேசுறப்ப உன் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்றப்ப அவன் மாட்டைத்தான் பார்ப்பான்."

"கத்துக்கிட்டிருப்பான்."

6

முடிவுகள்.

அ) நான் மதகை மூடுகிறேன். மழை நிரப்புகிறது. அந்தெல்ம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறான். அல்லது வரவே

ஆ) நான் மூடவில்லை. வசந்தம். அவன் சைக்கிளில் ஏறிக் கையை விட்டுவிட்டுக் குறுக்கே போகிறான். மட்டி ஓடு நொறுங்குகிறது. அடுத்த அறுப்பில் அவன் இல்லை. இது பலகைக்கு ஏற்ற முடிவு. எல்லோரும் மூக்கைச் சிந்தலாம்.

இ) நான் மூடவில்லை. வசந்தம். பாதைக்கு இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று சோளம் முளைத்திருக்கிறது. நடுவில் அந்தெல்ம், தொப்பியைச் சாய்த்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரிக்கிறான்.

மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இ-யில் நான் முட்டாள். இ-யில்தான் அவன் அடுத்த வருடமும் இருக்கிறான். எனக்கு இ பிடித்திருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

7

மாயெல், முடிவு எங்கே என்று கேட்டு வராதே. அது என்னிடம் இல்லை.

இதைப் பலகையில் படிக்கிறவனே, செல்போனை விட்டுத் தலையைத் தூக்கு. உனக்கு எதிரே இருப்பது தண்ணீரா, வெறும் பாதையா, சோளமா? எது தெரிகிறதோ அதுதான் முடிவு. ஒருவேளை அங்கே யாராவது கிழவன் கையை விட்டுச் சைக்கிள் ஓட்டினால், நீ முதலில் வணக்கம் சொல்.

மேற்கே மேகம் கட்டுகிறது. மதகு இன்றைக்கே ஒரு முடிவு கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டு மதகுச் சாவியை எடுத்தேன். எண்ணெய் டப்பாவையும் எடுத்தேன்.

"மூடுறதுக்கு எண்ணெய் எதுக்கு?" என்றாள் பெனுவாத்.

"மூடாம கிடந்தா துரு ஏறும்ல."

"அப்ப அவனை நம்பிட்டியா?"

"அவனையா? எவன் நம்புவான்."

கதவைச் சாத்திக்கொண்டு கரைப் பக்கம் நடந்தேன்.