மேனேஜருக்கு நூற்றாறு டிகிரி

என் இரண்டு முட்டிகள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் நாளைக்கே நடை நின்று போகட்டும்.

கொரோனாக் காலம். அய்யலூர் போகிற வழியில் ஒரு நூல் மில்லுக்கு நான் வாட்ச்மேன். கேட்டில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை, கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த அங்காளம்மாளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் நெற்றிக்கு நேரே நீட்டினால் யாரும் தப்ப முடியாது. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் விலைபோகாத கிடா ஒன்று ஒருநாள் ஆட்களோடு வரிசையில் வந்து நின்றது.

"நூத்திரெண்டு. வீட்டுக்குப் போ அப்பு" என்றாள். மறுபேச்சில்லாமல் போயிற்று.

"காய்ச்சல் இருந்தா என்னையே ஆனாலும் உள்ள விடாதே" என்று மேனேஜர் மதியழகன் மைக்கில் முழங்கியிருந்தார். ஒரு காலையில் அவரே இருமிக்கொண்டு வந்தார், கையில் இளநீரோடு. சுகாதார ஆய்வாளர் ஆனந்தி அன்றைக்குப் பார்த்துக் கேட்டில் நின்றிருந்தார். உள்ளே, ஜன்னல் திறக்காத ஹாலில், அங்காளம்மாளின் மகள் இசைவாணி ஏழு மாத வயிற்றோடு ஷிப்டில் இருந்தாள்.

அங்காளம்மாள் துப்பாக்கியை நீட்டினாள். "நூத்தியாறு."

"ஏத்தா, வெளையாடுறியா? சாதா இருமலு."

"அப்ப வீட்டுல போயி இருமுங்க சார். எம் மக உள்ள வாயும் வயிறுமா நிக்கிறா."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவளை விலக்கச் சொல்லி என்னைப் பார்த்தார். முட்டி வலி என்றேன்.

அவர் ஓரடி முன்னே வைத்தார். "நூத்தியெட்டு! கிட்ட வர வர ஏறுது." நெற்றிச் சந்தனம் படபடவென்று பொரிந்தது. இளநீர் கொதித்து ஸ்ட்ரா தொங்கிப் போயிற்று. பஞ்சு லாரிக்காரர் பயந்து வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"அந்த மிஷினே..." என்று வாயெடுத்தார் மேனேஜர்.

"மிஷினுக்கு என்ன சார்?" என்றார் ஆனந்தி.

மேனேஜர் அவரைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "ரொம்ப நல்ல மிஷினு மேடம்" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினார். டெஸ்ட் எடுத்ததில் அவருக்குக் கொரோனா. இசைவாணிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அந்தத் துப்பாக்கிக்கு மேனேஜர் முதல் நாளிலிருந்து கடைசிவரை பேட்டரி வாங்கிப் போடவே இல்லை.