கோரை பிடுங்கிய வாரம்

மருத்துவமனைப் புல்தரைக்கு நான்தான் தோட்டக்காரன். கால் முறிந்தவர்கள் திரும்ப நடை பழகுவது அதன்மேல்தான்; விழுந்தாலும் அடிபடாது. அதில் கோரை புகுந்துவிட்டது. மேனேஜர் ஒரே போடாகப் போட்டார். "மாசக் கடைசியில வந்து பாப்பேன். கோரை தெரிஞ்சா மொத்தத்தையும் சுரண்டிட்டு சிமென்ட் கல் பதிச்சிடுவேன்."

நான் அசரவில்லை. கோரைக்கென்று தனி மருந்து இருக்கிறது. இலை ஒரு சாண் வளர்ந்ததும் தெளித்தால், இலை அதைக் குடித்து மண்ணுக்குள் இருக்கும் கிழங்குவரை கொண்டுபோகும். மருந்தை வாங்கி வைத்துவிட்டு இலைக்காகக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து தொலைத்தது.

படுத்தபடி நான் புலம்பியதைக் கேட்டு, "புல்லு எது, கோரை எதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"தண்டை விரல்ல உருட்டிப் பாரு. புல்லுன்னா வழவழன்னு உருளும். கோரைன்னா மூணு விளிம்பு தட்டும்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். பிடுங்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்கிற திமிர்.

ஆறாம் நாள் எழுந்து போனேன். புல்தரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஓரத்தில் மூன்று மூட்டை கோரை. அவள் முழங்காலெல்லாம் சேறு, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

"ஒண்ணுகூட விடலைங்க. உருட்டி உருட்டிப் பாத்துதான் பிடுங்கினேன்."

இழுத்தால் தண்டுதான் வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். ஒன்று இருந்த இடத்தில் ஐந்தாறு முளைக்கும். மருந்தைக் குடிக்க இனி இலையும் இல்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் விரல்களைப் பார்த்ததும், "ரொம்ப நல்லா இருக்கு" என்று வந்தது.

மேனேஜர் வருவதற்கு முந்தின நாள், தரை முழுக்கக் குட்டையாகக் கோரை நின்றது. மருந்து தெளித்தாலும் கருக மூன்று வாரம் ஆகும். பத்துப் பேர் உட்கார்ந்து பிடுங்கினாலும் விடிவதற்குள் பாதிகூட முடியாது. ஊன்றுகோலோடு ஒருவர் மெதுவாகக் குறுக்கே நடந்துபோனார்.

அவள் முகம் செத்துவிட்டது. "எங்கயோ விட்டுட்டேன்போல. என் தப்புதாங்க. இன்னிக்கு முழு நாள் இருக்கே, பிடுங்கிடலாம்."

அவள் மண்டியிட்டு ஒரு தண்டை உருட்டினாள். "இதுவும் மூணு."

பிடுங்கியதால்தான் இப்படிப் பெருகியது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல முடியவில்லை. எதிரே உட்கார்ந்து நானும் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் அடியில் கிழங்கு அறுந்து தங்குவது என் விரலுக்குத் தெரிந்தது. அவள் விரலுக்கும் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.