அடெலினோவாக உட்கார்ந்தவர்

லிக்கிசா முகாமில் அடெலினோ மலேரியாவில் செத்தபோது எங்களிடம் ஒரு கொயினா மாத்திரைகூட இல்லை. ஜப்பானியப் படை தீமோரைப் பிடித்து, போர்த்துக்கீசியக் குடும்பங்களைக் கடலோரத்தில் அடைத்து வைத்திருந்த காலம் அது. அவர் மனைவி டியோலிண்டா தீமோரிலேயே பிறந்தவள். லிஸ்பனிலிருந்த மாமியாரைப் பார்த்ததே இல்லை.

சில மாதம் கழித்து, எங்கள் நிலையைப் பார்த்து போர்த்துக்கீசிய அரசுக்கு எழுத, சீனக் கரையிலிருந்த அவர்களுடைய மக்காவ் நகரிலிருந்து ஒரு தூதர் வருவதாகச் சொன்னார்கள். உடனே அரிசி வந்தது, டின் மீன் வந்தது. முகாம் அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு டியோலிண்டாவிடம் வந்தார்.

"உன் புருஷனை அவங்கம்மா விசாரிச்சிருக்காங்க. தூதர் பார்க்கணும்பார். செத்துட்டான்னு வாயைத் திறந்தே, இங்க யாருக்கும் சோறு கிடையாது. துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியைக் கழட்டு."

எங்களோடு முகாமிலிருந்த தச்சர் செசினாண்டோவை அடெலினோவாக உட்கார வைத்தார்கள். செத்தவரின் சட்டை அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"மன்னிச்சிடும்மா."

"பேசாம உக்காருங்கண்ணே. புள்ளைங்க சாப்பிடட்டும்."

தூதர் சட்டையையே பார்த்தார். "பெரிசா இருக்கே?"

"இளைச்சுட்டார்," என்றாள் டியோலிண்டா.

"அம்மாவுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அதிகாரி அசையாமல் நின்றார். செசினாண்டோவின் கண் கலங்கியது. "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. சீக்கிரம் வந்துடுவேன்."

கடைசி வார்த்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூதர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டியோலிண்டாவால் அழ முடியவில்லை. தண்ணீர் வரிசையில் யாராவது வாய் தவறி "அடெலினோ" என்று கூப்பிட்டால் செசினாண்டோ திரும்பிப் பார்ப்பார். அவள் குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

போர் முடிந்து எங்களை லிஸ்பனுக்குக் கப்பலேற்றினார்கள். துறைமுகத்தில் அடெலினோவின் அம்மா டியோலிண்டாவைக் கட்டிக்கொண்டார்.

"அவன் எங்கம்மா? பெட்டி எடுக்கப் போயிருக்கானா?"

"அத்தை, அவர் தூதர் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார்."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எனக்கு வந்த சேதி?"

செசினாண்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் சொன்னதுதாம்மா."

"நல்லா இருக்கேன்னு சொன்னே, சரி. வந்துடுவேன்னு ஏன்ப்பா சொன்னே?"

 அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெரு திரும்பும்வரை, கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஆட்களின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.